கார்டு இருக்கா?

எங்கள் திருநின்றவூர், மனதுக்குள்ளேயே கோவில் கட்டிய பூசலாரின் ஊர். இருதயாலீஸ்வரரிடம் வேண்டிக்கொள்ள இதய நோயாளிகள் இன்றும் வருகிறார்கள். சாமி அவர்களிடம் கார்டு கேட்பதில்லை. ஆஸ்பத்திரி கேட்கிறது. “என்னம்மா செய்யுது?” என்று டாக்டர் கேட்பதற்கு முன்பே, “கார்டு இருக்கா?” என்று வரவேற்பு மேசை கேட்டுவிடுகிறது.

2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம். 2012இல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். இதய அறுவை சிகிச்சை ஏழை வீட்டுக்கும் எட்டியது இவற்றால்தான். அதை மறுக்கவில்லை. ஆனால், காப்பீடு எதற்குப் பணம் தருகிறதோ அது மட்டுமே நோய் என்றாகிவிட்டது. படுக்கையில் சேர்ந்தால் பணம், அறுத்தால் பணம். புறநோயாளியாக உட்கார்ந்து பேசினால் பெரும்பாலும் ஒன்றுமில்லை.

பெண்ணின் நோய்களோ பேசித் தீர்க்க வேண்டியவை. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் நின்றபடியே வேலை பார்ப்பவளின் இடுப்புவலி, கழிப்பறைக்கு அனுமதி கேட்கத் தயங்கித் தண்ணீர் குடிக்காமல் இருப்பதால் வரும் நீர்க்கடுப்பு, ரத்தசோகை, வெள்ளைப்படுதல், பெரும்பாடு. இவற்றுக்கு முதலில் வேண்டியது டாக்டரின் இருபது நிமிடம். அந்த இருபது நிமிடத்துக்குப் பேக்கேஜ் கிடையாது.

அதே பெரும்பாடு கருப்பை அகற்றமாக மாறினால் விலை வந்துவிடுகிறது. 2008இல் மத்திய அரசு தொடங்கிய ராஷ்ட்ரிய ஸ்வஸ்திய பீமா யோஜனா, ஏழைக் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 30,000 ரூபாய் வரை காப்பீடு தந்தது. பீகார், சத்தீஸ்கர், ராஜஸ்தான் பெண்களுக்கு, அந்தப் பணத்துக்காகவும் தேவையில்லாமல் கருப்பை எடுக்கப்பட்டது என்று மருத்துவர் நரேந்திர குப்தா 2013இல் உச்ச நீதிமன்றம் போனார். தீர்ப்பு வந்தது 2023 ஏப்ரலில். தேவையற்ற கருப்பை அகற்றங்களைத் தடுக்கும் மத்திய அரசின் வழிகாட்டுதல்களை மூன்று மாதத்தில் மாநிலங்கள் ஏற்க வேண்டும் என்றது நீதிமன்றம். அதற்குள் பத்து வருடம் போய்விட்டது.

“பெண்கள் கேட்டுத்தானே செய்துகொண்டார்கள்?” என்பார்கள். விடுப்பு எடுத்தால் கூலி இல்லை. வேலையிடத்தில் கழிப்பறை இல்லை. “விட்டா கேன்சராயிடும்” என்று ஒரு வார்த்தை வேறு. இந்த மூன்றுக்கும் நடுவில் வைக்கிற கைநாட்டுக்குப் பெயர் சம்மதமா? சினைப்பையையும் சேர்த்து எடுத்துவிட்டால் எலும்பு தேய்கிறது, இதய நோய் அபாயம் கூடுகிறது. அதைச் சுமப்பவள் அவள்தான்.

டாக்டரும் சுதந்திரமாக இல்லை. நோயாளியின் முகத்தைப் பார்ப்பதற்குப் பதில், காப்பீட்டு நிறுவனத்தின் முன் அனுமதி வரும் திரையைப் பார்க்கிறார். “கார்டு இருக்கிறதாலதான் ஆபரேஷன் சொல்றாரோ?” என்று நோயாளி சந்தேகப்படுகிறாள். உண்மையிலேயே அறுவை தேவைப்படுகிறவளும் இந்தச் சந்தேகத்தில் நாளைக் கடத்துகிறாள்.

கார்டும் குடும்பத்துக்குத்தான், அவளுக்கு அல்ல. அடி தாங்காமல் அம்மா வீட்டுக்கு வந்தவளின் பெயர் புருஷன் வீட்டு ரேஷன் கார்டில் கிடக்கிறது. காப்பீடும் அங்கேயே கிடக்கிறது.

நமக்கு வேண்டியவை மூன்று. ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் உட்கார்ந்து கேட்க ஒரு பெண் மருத்துவர். கருப்பையில் கை வைக்கும் முன், அந்த ஆஸ்பத்திரியைச் சேராத இன்னொரு மருத்துவரின் கருத்து. அவள் பெயரில் தனிக் கார்டு. நம் உடம்புக்கு விலைப்பட்டியல் போட்டது போதும். முதலில் அது சொல்வதைக் கேளுங்கள்.