கையை மறைக்கும் குழந்தை



அஸர் தொழுகைக்காக மக்தப் பிள்ளைகள் வரிசையாக அமர்ந்து உளூச் செய்கையில், சட்டைக் கைகளை முழங்கைக்கு மேல் சுருட்டிக்கொள்கின்றனர். பெற்றோர்கூட அன்றாடம் கவனிக்காத அக்கைகளை நாள்தோறும் நல்ல வெளிச்சத்தில் காணும் வாய்ப்பு உஸ்தாதுமார்களாகிய எங்களுக்கு உண்டு. அது ஓர் அமானிதம். அந்த அமானிதத்தில் நான் ஒருமுறை தவறியிருக்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், ஒன்பது வயது மாணவன் ஒருவனின் முன்கையில் வெளிறிய திட்டுகளைக் கண்டேன். மற்றப் பிள்ளைகளின் முன்னிலையிலேயே, "நீ தள்ளி உட்கார், துண்டைத் தொடாதே" என்று கூறிவிட்டேன். மறுநாள் முதல் அவன் வீட்டிலேயே உளூச் செய்துகொண்டு, முழுக்கைச் சட்டையுடன் வந்தான். சில நாள்களில் வருவதையே நிறுத்திக்கொண்டான். அவனை மருத்துவரிடம் காட்டியபோது, அது பிறருக்குத் தொற்றாத சாதாரணத் தேமல் என்று தெரிந்தது. அவன் வீடு தேடிச் சென்று மன்னிப்புக் கேட்டேன். அவன் திரும்பி வந்தான். ஆனால் அதன்பின் நெடுநாள், கையைச் சுருட்டுமுன் என் முகத்தைப் பார்ப்பான்.

அன்று எனக்குத் தெரியாதிருந்தவற்றை மருத்துவர்களிடம் கேட்டறிந்தேன்.

கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் வெயிலிலும் வறண்ட காற்றிலும் பிள்ளைகளின் கன்னத்திலும் மேற்கையிலும் தோன்றும், ஓரம் தெளிவில்லாத, இலேசாகச் செதில் உதிரும் வெளிர்த் திட்டுகள் பெரும்பாலும் தேமலே. வயிற்றுப் பூச்சியால் வருவது என்பது வெறும் நம்பிக்கை. எண்ணெய்ப் பசை தரும் களிம்பு பூசி வந்தால் மாதக்கணக்கில் மெல்ல மறையும்.

வட்டமாகப் படர்ந்து, ஓரம் தடித்துச் சிவந்து, நடுவில் தெளிந்து காணப்படுவது படர்தாமரை. இது பூஞ்சைத் தொற்று; துண்டு, உடை வழியே பரவும். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்பு அரிப்பை அடக்கும். ஆனால் தொற்றை வளர்த்துவிடும்.

விரலிடுக்கிலும் மணிக்கட்டிலும் சிறு பருக்கள் தோன்றி இரவில் அரிப்பு மிகுந்தால் அது சிரங்காக இருக்கலாம். தோலுக்குள் துளையிடும் நுண்ணிய பூச்சியே அதற்குக் காரணம். அது அழுக்கின் அடையாளமன்று. நெருங்கிப் படுத்துறங்கும் எந்த வீட்டிலும் பரவும். பிள்ளைக்கு மட்டும் மருந்து பூசிப் பயனில்லை. வீட்டார் அனைவரும் ஒரே இரவில் பூசிக்கொண்டு, மருத்துவர் சொல்லும் நாளில் மறுமுறையும் பூச வேண்டும்.

இவற்றுக்கிடையே நாம் தவறவிடக் கூடாத ஒன்று உண்டு: நிறம் மங்கிய அல்லது செம்மை படர்ந்த, அரிப்பில்லாத, உணர்ச்சி குறைந்த திட்டு. பிள்ளையைக் கண்மூடச் செய்து, பஞ்சு நுனியால் அவ்விடத்தைத் தொட்டு, எங்கே தொட்டேன் என்று கேட்டால், அவனால் காட்ட இயலாமற்போகலாம். அது தொழுநோயின் அறிகுறியாக இருக்கக்கூடும். உணர்ச்சி இருப்பதாகத் தோன்றினாலும், மறையாத திட்டை மருத்துவர் பார்த்துவிடுவதே நல்லது.

2005ஆம் ஆண்டு இறுதியில், தேசிய அளவில் தொழுநோய் 10,000 பேருக்கு ஒருவருக்கும் கீழே குறைந்துவிட்டதாக இந்தியா அறிவித்தது. நோயே ஒழிந்தது என்று பலரும் எண்ணிவிட்டோம். ஆனால் உலகில் ஆண்டுதோறும் புதிதாகக் கண்டறியப்படும் நோயாளிகளில் பாதிக்கும் மேற்பட்டோர் இன்றும் இந்தியரே. அரசு மருத்துவமனையில் கூட்டு மருந்து இலவசம். நோயின் வகைக்கேற்ப 6 மாதமோ 12 மாதமோ உட்கொண்டால் முற்றிலும் குணமாகும். காலந்தாழ்த்தினால் நரம்பு கெட்டு விரல்கள் மடங்கிவிடும். இழந்த உணர்ச்சியை மருந்தால் மீட்பது அரிது.

நம் பேச்சுவழக்கில் வெண்புள்ளியையும் தொழுநோயையும் 'குஷ்டம்' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். நபி (ஸல்) அவர்கள் பாதுகாவல் தேடிய துஆவிலோ 'பரஸ்' என்றும் 'ஜுதாம்' என்றும் இரண்டும் தனித்தனியே கூறப்பட்டுள்ளன. முன்னது தோலின் வெண்மை, பின்னது தொழுநோய். இதைப் பிள்ளைகளுக்குப் பாடமாகச் சொல்லித்தந்த நானே, ஒரு பிள்ளையின் கையைக் கண்டபோது வேறுபாட்டை மறந்தேன்.

சட்டமும் நெடுங்காலம் இந்த அச்சத்தைச் சுமந்திருந்தது. 1939ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமண ரத்துச் சட்டத்தில், மணவிலக்குக் கோருவதற்கான காரணங்களுள் ஒன்றாகத் தொழுநோய் இடம்பெற்றிருந்தது. அது நீக்கப்பட்டது 2019இல்தான். சட்டப் புத்தகத்திலிருந்து நீங்கிய அச்சம் நம் மதரஸாக்களிலிருந்தும் நீங்க வேண்டும்.

ஏனெனில், அவமானத்துக்கு அஞ்சும் பிள்ளை கையை மறைக்கும். மறைத்த கையில் இருப்பது தேமலா, தொழுநோயா என்பதை யார் அறிவார்?

ஆகவே உஸ்தாதுமார்களுக்கும் ஜமாஅத் பொறுப்பாளர்களுக்கும் என் வேண்டுகோள் இதுவே. உளூச் செய்யுமிடத்தில் பொதுத் துண்டு வேண்டாம். ஒவ்வொரு பிள்ளையும் தன் துண்டைக் கொண்டு வரட்டும். கையில் எதையேனும் கண்டால் பிள்ளைகள் முன் பேசாமல், அன்று மாலையே பெற்றோரிடம் தனியே சொல்லுங்கள். அவர்கள் தயங்கினால், அரசு மருத்துவமனையின் தோல் பிரிவுக்கு நீங்களே உடன் செல்லுங்கள். நோயைப் படைத்த இறைவன் அதற்குரிய மருந்தையும் படைத்திருக்கிறான் என்று நம்புகிற நாம், பிள்ளைக்கும் மருந்துக்கும் இடையில் தடையாக நிற்கலாமா?

வல்ல ரஹ்மான் நம் பிள்ளைகளுக்கு நல்ல சுகத்தையும், அவர்களைக் காணும் நம் கண்களுக்கு இரக்கத்தையும் தருவானாக. ஆமீன்.