தோட்டப் பள்ளியும் பல்கலைக்கழக அலகும்

பாடசாலையிற் பயிலும்போதே பல்கலைக்கழகத் தரத்திலான பாடங்களிற் தேறி, அத்தேர்ச்சியைப் பின்னர் பட்டப்படிப்பின் கணக்கிற் சேர்த்துக்கொள்ளும் முறை அமெரிக்காவில் 1955 முதல் வழக்கிலுள்ளது. இதனை இங்கு எடுத்துரைத்தால், "தரம் கெட்டுவிடும்" என்ற குரலே முதலில் எழுகின்றது. அக்குரல் எவருடைய நலனைக் காக்கின்றது என்பதை ஊவா மலைத்தோட்டங்களில் நின்று நோக்குதல் வேண்டும்.

நமது பல்கலைக்கழக அனுமதியிற் பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு 40 வீத இடங்கள் அகில இலங்கைத் திறமைக்கும், 55 வீதம் மாவட்டங்களுக்கும், 5 வீதம் கல்வி வசதி குறைந்த மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகின்றன. பதுளையும் அவ்வசதி குறைந்த மாவட்டங்களுள் ஒன்றே. ஆயின், விதி காண்பது மாவட்டத்தை. தோட்டம் அதன் கண்ணிற் படுவதில்லை. ஆய்வுகூடமும் பட்டதாரி ஆசிரியரும் வாய்த்த பண்டாரவளை நகர மாணவனும், உயர்தர விஞ்ஞான வகுப்பே இல்லாத தோட்டப் பள்ளியில் பத்தாண்டு கழித்து, அவ்வகுப்பைத் தேடி வேற்றூர் சென்ற லுணுகலை மாணவியும் ஒரே வெட்டுப்புள்ளியால் அளக்கப்படுகின்றனர். இதுதானா நாம் காக்க விரும்பும் தரம்?

2005இற் பதுளையில் தொடங்கப்பெற்ற ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் தேயிலைத் தொழில்நுட்பத்தையே பட்டப் பாடமாக்கியது. அங்கு போதனாமொழி ஆங்கிலம். தேயிலை பறிப்போரின் பிள்ளைகள் வெட்டுப்புள்ளியைத் தாண்டினும், அடுத்த தடையாக நிற்பது அம்மொழியே. எனவே, முதலாண்டு ஆங்கிலத்தையும் அடிப்படைக் கணிதத்தையும் தோட்டப்புறப் பாடசாலைகளின் உயர்தர மாணவர்க்கு வார இறுதிகளில் அப்பல்கலைக்கழகமே கற்பிக்க வேண்டும். வினாத்தாளும் சித்திப் புள்ளியும் பல்கலைக்கழக மாணவர்க்குரியனவாகவே இருக்கட்டும். சிறப்புப் பட்டமொன்றுக்கு வேண்டிய 120 அலகுகளில் ஆறினை முற்கூட்டியே ஈட்டுவதாற் பட்டத்தின் மதிப்பு எங்ஙனம் குறையும்? கற்கும் இடமும் காலமுமே மாறுகின்றன.

உயர்தரச் சித்தியற்றவரும் அடிப்படைக் கற்கைநெறி வழியாகப் பட்டப்படிப்பினுட் புகுவதற்கு, 1980இல் நிறுவப்பட்ட திறந்த பல்கலைக்கழகம் வழிவகுத்துள்ளது. அதனாற் கல்வியுலகம் சரிந்துவிடவில்லை.

ஒன்றை மட்டும் வலியுறுத்துவோம். இத்திட்டம் நகரத்துப் பெரும் பாடசாலைகளிற் தொடங்கப்படுமாயின், தனியார் வகுப்புகளுக்கு மற்றுமொரு சந்தையாகவே முடியும். முன்னே நிற்பவரை மேலும் முன்னே தள்ளும். அது தோட்டப் பள்ளியிலேயே தொடங்குதல் வேண்டும். விரிவுரையாளர்களே, மாணவ நண்பர்களே, தரம் பேசும் நாம் முதலில் மலையேறுவோம். பசறை வீதியில் எழுந்த பல்கலைக்கழகம் அதே வீதி வழியே தோட்டங்களை நோக்கிச் செல்லட்டும்.