வலிக்கு எண் மட்டும் போதுமா?

சித்தூர்த் தமிழர் ஒருவர் திருப்பதியில் மருத்துவரிடம் அரைகுறைத் தெலுங்கில் பேசும்போது, குத்தல், குடைச்சல், எரிச்சல், கடுப்பு யாவும் ‘நொப்பி’ என்ற ஒரே சொல்லில் அடங்கிவிடுகின்றன. குறை தெலுங்கினுடையதன்று, அதற்கும் சொல்வளம் உண்டு. ‘பத்துக்கு எத்தனை?’ என்று மட்டும் கேட்டு முடிக்கும் வழக்கமே குறை. வலிக்கு அளவோடு தன்மையும் உண்டு என்பதனாலேயே ரொனால்டு மெல்சாக் 1975இல் 78 சொற்கள் கொண்ட வினாநிரலை வெளியிட்டார்.

மார்பை அழுத்தி இடக்கைக்கோ தாடைக்கோ பரவும் பாரம் பத்துக்கு மூன்றே ஆயினும், ‘வாயு’ என்று கஷாயம் குடித்துக் காத்திருக்கத் தக்கதன்று. உடனே 108ஐ அழைக்க வேண்டும். எங்கே, எப்படி, எப்போதிலிருந்து என்பதை நோயாளி தம் மொழியிலேயே சொல்லட்டும். அதனை விளங்கிக்கொள்ள ஆள் அமர்த்துவது மருத்துவமனையின் கடமை, சலுகையன்று.