களனியைக் காக்க உள்ளூராட்சி மன்றங்கள் ஒன்றிணைய வேண்டும்

கொழும்பு மாநகரிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் வாழும் மக்கள் அருந்தும் நீரில் ஏறத்தாழ 80 வீதத்தை வழங்குவது களனி கங்கையாகும். சிவனொளிபாத மலைத்தொடரில் ஊற்றெடுக்கும் மஸ்கெலிய ஓயாவும் கெஹெல்கமு ஓயாவும் ஒன்றுகலந்து களனியாகி, 145 கிலோமீற்றர் தூரத்தைக் கொண்ட தனது பயணத்தைக் கொழும்புக்கு வடக்கே கடலில் நிறைவு செய்கின்றது. மத்திய, சப்ரகமுவ, மேல் ஆகிய மூன்று மாகாணங்களை ஊடறுத்துச் செல்லும் இந்நதியின் நீரேந்துப் பிரதேசத்தில் மாநகர சபைகள், நகர சபைகள், பிரதேச சபைகள் எனப் பல உள்ளூராட்சி மன்றங்கள் உள்ளன. ஆயினும் நதி முழுவதற்கும் பொறுப்பேற்கும் மன்றம் என்று எதுவுமில்லை.

2025 ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் வீசிய டித்வா சூறாவளி 600 இற்கும் அதிகமான உயிர்களைக் காவுகொண்டது. மலையகத்தில் மண்சரிவுகளும் களனியின் தாழ்நிலங்களில் பெருவெள்ளமும் ஏற்பட்டன. மேலே மலைச்சரிவு சிதைந்தால் கீழே நகரம் மூழ்கும் என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை. மழையை எவராலும் தடுக்க இயலாது. ஆனால், எந்தச் சரிவில் கட்டடத்திற்கு அனுமதி வழங்குவது, எந்தச் சதுப்பு நிலத்தை நிரப்பவிடாது தடுப்பது, குப்பையை எங்கே கொட்டுவது என்ற தீர்மானங்கள் பெருமளவில் உள்ளூராட்சி மன்றங்களின் மேசைகளைக் கடந்தே செல்கின்றன.

சட்டத்தில் அதிகாரம் இல்லையெனக் கூறிவிட முடியாது. கட்டட வரைபட அங்கீகாரம், திண்மக் கழிவகற்றல், வடிகால் பராமரிப்பு என்பன இம்மன்றங்களுக்கே உரியவை. 1980 ஆம் ஆண்டின் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ், மாசு குறைந்த வகைக் கைத்தொழில்களுக்கான சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரத்தை வழங்கும் அதிகாரமும் அவற்றிடம் கையளிக்கப்பட்டுள்ளது. இருந்தும், களனியின் வெள்ளச் சமவெளியை அண்டிய மீதொட்டமுல்லையில் மலைபோல் குவிக்கப்பட்ட குப்பைமேடு 2017 ஏப்ரல் 14 ஆம் திகதி சரிந்து 30 இற்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. ஒரு மன்றத்தின் குப்பை இன்னொரு மன்றத்தின் எல்லைக்குள் கொட்டப்படும்போது பொறுப்பு எவருடையது என்ற கேள்விக்கு விடை காணப்படாமையே அந்த அவலத்தின் வேர் என்பது எமது கருத்தாகும்.

நதியின் தலைப்பகுதியில் நிலைமை வேறு. காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கங்களைச் சூழ்ந்துள்ள தேயிலைத் தோட்டங்களில் வாழும் மலையகத் தமிழ் மக்களே இந்நீரின் முதற் பாவனையாளர்கள். லயன் குடியிருப்புகளில் முறையான மலசலகூடமும் கழிவுநீர் வடிகாலும் இல்லாத இடங்களில், அக்கழிவு அருகிலுள்ள ஓடைகளையே அடைகின்றது. இது அம்மக்களின் குற்றமன்று. தோட்டப் பகுதிகளில் தமது நிதியைச் செலவிடுவதற்குப் பிரதேச சபைகளுக்கு நெடுங்காலமாகச் சட்டத் தடை இருந்தது. 2018 ஆம் ஆண்டிலேயே பிரதேச சபைகள் சட்டத்தின் 33 ஆம் பிரிவு திருத்தப்பட்டு அத்தடை நீக்கப்பட்டது. அதே ஆண்டில் மஸ்கெலியா, நோர்வூட் பிரதேச சபைகளும் தனியாகச் செயற்படத் தொடங்கின. ஆனால், போதிய வருமானமின்றி வழங்கப்படும் அதிகாரம் வெறும் காகித அதிகாரமே. இதற்கிடையில், 2023 மார்ச் மாதம் முதல் 2025 மே 6 ஆம் திகதி தேர்தல் நடைபெறும் வரை நாட்டின் உள்ளூராட்சி மன்றங்கள் மக்கள் பிரதிநிதிகளின்றி அதிகாரிகளால் நிர்வகிக்கப்பட்டமை இச்சிக்கலை மேலும் ஆழப்படுத்தியது.

நியூயோர்க் நகரம் 1997 ஆம் ஆண்டில் செய்துகொண்ட உடன்படிக்கை இங்கு கவனத்திற்குரியது. பெருஞ்செலவில் வடிகட்டும் நிலையம் அமைப்பதற்குப் பதிலாக, தனக்கு நீர் தரும் மலைப்பகுதி ஊர்களின் கழிவுநீர் வசதிகளைச் சீரமைக்க அந்நகரமே நிதி வழங்கியது. நீரைப் பருகுபவர் நீரைக் காப்பவருக்குத் துணைநிற்க வேண்டும் என்பதே அதன் அடிப்படையாகும்.

அதே நியாயம் களனிக்கும் பொருந்தும். நீரேந்துப் பிரதேசத்திலுள்ள மன்றங்களின் தலைவர்கள் ஒரே மேசையில் அமரும் நிரந்தரக் கூட்டுக் குழுவொன்று மாகாண எல்லைகளைக் கடந்து அமைக்கப்பட வேண்டும். நகரப் பாவனையாளர்கள் செலுத்தும் நீர்க்கட்டணத்தில் ஒரு சிறு பங்கு மேல்நிலப் பிரதேச சபைகளுக்குச் சென்றடைய வேண்டும். அந்நிதி முதலில் தோட்டக் குடியிருப்புகளின் சுகாதார வசதிகளுக்கும், பின்னர் ஓடைக்கரைகளில் மரம் நடுவதற்கும் செலவிடப்பட வேண்டும். தோட்டக் காணிகள் கம்பனிகளின் நிர்வாகத்தில் இருப்பதால், அவற்றின் ஒத்துழைப்பைப் பெற்றுக்கொடுப்பது மத்திய அரசாங்கத்தின் கடமையாகும்.

தமது பதவிக்காலத்தில் எத்தனை வீதிகளுக்குக் கொங்கிறீட் இட்டோம் என்பதை எமது மன்றங்கள் கணக்கிட்டுக் காட்டுவது வழமை. எத்தனை ஓடைகளைச் சுத்தமாக வைத்திருந்தோம் என்ற கணக்கையும் மக்கள் அவற்றிடம் கேட்கத் தொடங்க வேண்டும். மலையில் வாழும் தொழிலாளியின் வாசலில் தூய்மையாக இல்லாத நீர், தலைநகரின் குழாயை வந்தடையும்போது மட்டும் தூய்மையாக இருக்க வேண்டுமென எதிர்பார்ப்பது நியாயமாகாது.