எத்தனை டன் என்கிறார்கள், யார் தலையில் என்று கேட்போம்

தோழர்களே, கட்டடக் கழிவு பற்றிய கூட்டங்களில் எல்லோரும் எத்தனை டன் என்றுதான் கேட்கிறார்கள். யார் வீடு இடிந்தது, ஏன் இவ்வளவு சீக்கிரம் இடிந்தது, யார் சுமந்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை. அதைக் கேட்காத சுற்றுச்சூழல் பேச்சு எனக்குப் பாதிப் பேச்சுதான்.

2016-இல் வந்த கட்டட, இடிபாட்டுக் கழிவு விதிகளைப் படித்துப் பாருங்கள். ஒரு நாளில் 20 டன், அல்லது ஒரு திட்டத்தில் மாதம் 300 டன் கழிவு உண்டாக்குபவர்தான் முன்கூட்டியே திட்டம் கொடுத்து ஒப்புதல் வாங்க வேண்டியிருந்தது. 2026 ஏப்ரல் 1-ஐ நடைமுறை நாளாகக் கொண்ட புதிய விதிகள் உற்பத்தியாளர் பொறுப்பை 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள கட்டடங்களுக்கு வைக்கின்றன. பெரியவர்களைப் பிடிப்பது சரிதான். ஆனால் சிறியவர்களின் கணக்கு எங்கே?

எங்கள் சேரங்கோட்டுக்கு வாருங்கள். 1964 சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தால் தாயகம் திரும்பியவர்களுக்காக அரசு தேயிலைத் தோட்டம் போட்ட பகுதி இது. அவர்களில் பெரும்பாலோர் நம் மக்கள். 300 சதுர அடி வீடு ஒன்றை இடிப்பதாக வைத்துக்கொள்வோம். ஒன்றிய அரசின் டிஃபாக் அமைப்பு சொல்லும் அளவு, இடிக்கும்போது சதுர மீட்டருக்கு 300 முதல் 500 கிலோ கழிவு. அப்படியானால் ஒரு வீட்டுக்கு 8 முதல் 14 டன். மலைச்சரிவில் லாரி வாசல்வரை வராது. 20 கிலோ சட்டியில் ஏற்றினால் குறைந்தது 400 நடை. சுமப்பவர் சித்தாள் வேலைக்கு வந்த அக்கா. அவர் எந்தத் தெருவிலிருந்து வருகிறார் என்று நான் சொல்லவே வேண்டாம். வேலையை மட்டுமல்ல, வேலை செய்பவர்களையே சாதி பிரித்து வைத்திருக்கிறது என்றார் அண்ணல். அந்தச் சட்டியைப் பார்த்தால் அது புரியும்.

அடுத்த கேள்வி, வீடு ஏன் இடிகிறது? 2021 ஆகஸ்டில் சென்னை புளியந்தோப்பு கே.பி. பார்க் குடியிருப்பில் கை வைத்தாலே பூச்சு உதிர்ந்தது. ஏழைகளுக்கென்று அரசு கட்டிய புத்தம்புது அடுக்குமாடி அது. அதே ஆண்டு டிசம்பர் 27 அன்று திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் குடிசை மாற்று வாரிய வீடுகள் 24 சரிந்தன. விரிசலைக் கண்டு மக்கள் முன்பே வெளியேறியதால்தான் உயிர் தப்பினார்கள். கட்டி முப்பது ஆண்டுகூட ஆகவில்லை.

அறுபது ஆண்டு நிற்க வேண்டிய வீடு முப்பதில் விழுந்தால் கழிவு இரட்டிப்பாகிறது. மணல், சிமெண்ட், கம்பி எல்லாம் இரண்டு முறை. சுமையும் இரண்டு முறை. கழிவைக் குறைக்க வேண்டுமா? முதலில் எங்களுக்கு உறுதியான வீடு கட்டுங்கள். மறுசுழற்சி ஆலை அதற்குப் பிறகு. ‘இவங்களுக்கு இது போதும்’ என்று கலவையில் கை வைக்கும் மனநிலைதான் இந்த நாட்டின் மிகப் பெரிய கழிவு.

சிலர் சொல்வார்கள்: ‘எல்லாவற்றிலும் சாதியைப் பார்க்காதீர்கள், இது பொறியியல் பிரச்சினை.’ அப்படியென்றால் பொறியியலாகவே பேசுவோம். அளவெடுப்போம். மாணவத் தோழர்களே, உங்கள் ஊரில் அரசு வீடு, பள்ளி, தொகுப்பு வீடு எது இடிந்தாலும் நான்கு விஷயங்களை எழுதி வையுங்கள். கட்டிய ஆண்டு, இடித்த ஆண்டு. நீள அகலம். யார் சுமந்தார்கள், என்ன கூலி, கையுறை இருந்ததா. கழிவை எங்கே கொட்டினார்கள், ஓடைக்கரையிலா, நம் தெரு முனையிலா.

ஒப்பந்ததாரர் யார், தரச் சோதனை அறிக்கை எங்கே என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். கழிவைச் சேகரித்து அகற்றும் கடமையை 2016 விதிகளே உள்ளாட்சிக்குக் கொடுத்திருந்தன. கிராம சபையில் எழுந்து அதைக் கேளுங்கள், தீர்மானப் புத்தகத்தில் ஏற்றச் சொல்லுங்கள்.

நம்மை எண்ணாத கணக்கு நமக்கு வேண்டாம். நம் கணக்கை நாமே எழுதுவோம்.

ஜெய்பீம்.