கணக்கு வேறு, விகிதம் வேறு

கோலா கங்சாரில் எங்கள் அண்ணனின் கார் பட்டறையில் ஐந்து பேர் வேலை செய்கிறார்கள். அவர்களுடைய சம்பளச் சீட்டை அச்சடிக்க 2019-இல் பைத்தான் மொழியில் ஒரு சின்ன நிரல் எழுதிக் கொடுத்தேன். இபிஎஃப் பிடித்தம் 11 விழுக்காடு என்பதை அந்த நிரலுக்குள்ளேயே மூன்று இடங்களில் எழுதி வைத்தேன். அந்தச் சோம்பல் மூன்று வருடம் கழித்துத் தன் வேலையைக் காட்டியது.

2020 ஏப்ரலில், கோவிட் காலத்தில் மக்கள் கையில் கொஞ்சம் கூடுதல் பணம் இருக்கட்டும் என்று தொழிலாளியின் பங்கு 7 ஆகக் குறைக்கப்பட்டது. 2021 ஜனவரியில் அது 9 ஆனது. 2022 ஜூலையில் மறுபடியும் 11. ஒவ்வொரு முறையும் அண்ணன் கூப்பிடுவார். நான் போய் மூன்று இடத்திலும் மாற்றுவேன். கடைசி முறை இரண்டு இடத்தில்தான் மாற்றினேன்.

விளைவு? சம்பளச் சீட்டு 11 என்று கணக்குப் போட்டது. இபிஎஃப்புக்குக் கட்டும் பட்டியல் 9-லேயே நின்றது. 1,500 வெள்ளிச் சம்பளத்தில் 165 வெள்ளியைப் பிடித்துக்கொண்டு 135 வெள்ளியைத்தான் கட்டியிருக்கிறோம். இரண்டு மாதம் கழித்து ஒரு தொழிலாளி கைப்பேசியில் தன் கணக்கைப் பார்த்துவிட்டு, "மிச்சம் முப்பது வெள்ளி எங்கே பாஸ்?" என்று கேட்டார். அண்ணனின் முகம் சுண்டிப்போனது. தாமதக் கட்டணத்தோடு பணத்தைக் கட்டிவிட்டோம். சந்தேகம் தீரத்தான் நாளானது.

1877-இல் நட்ட ரப்பர் மரம் இன்னும் நிற்கிற ஊர் இது. இங்கே பல குடும்பங்களுக்குத் தோட்டத்துச் செக்ரோல் புத்தகம் தெரியும். யார் எத்தனை நாள் வேலை செய்தார் என்பது புத்தகத்தில் இருக்கும். கூலி மாறினால் கிராணி விகிதத்தைத்தான் மாற்றுவார். கணக்குப் போடும் முறையை மாற்ற மாட்டார். நிரலுக்கும் அதே பாடம்தான். மாறக்கூடிய எண்களை வெளியே ஒரு எழுத்துக் கோப்பில் வையுங்கள். நிரல் தொடங்கும்போது அதைப் படித்துக்கொள்ளட்டும்.

நோட்பேடில் இப்படி எழுதினால் போதும்:

[சேமநிதி]
தொழிலாளி = 11
முதலாளி = 13

[சம்பளம்]
குறைந்தபட்சம் = 1700

சதுர அடைப்புக்குள் இருப்பது பகுதியின் பெயர். சமக்குறிக்கு இடப்பக்கம் பெயர், வலப்பக்கம் மதிப்பு. இதைப் படிக்கும் 'கான்ஃபிக்பார்சர்' பைத்தானோடு சேர்ந்தே வருகிறது; தனியாக எதையும் நிறுவ வேண்டாம். பெயர்களைத் தமிழிலேயே வைக்கலாம். கோப்பை யூடிஎஃப்-8 முறையில் சேமித்து, படிக்கும்போதும் அதையே குறிப்பிடுங்கள்.

நான் தடுக்கி விழுந்த நான்கு இடங்களைச் சொல்லிவிடுகிறேன்.

முதலாவது, கோப்பிலிருந்து வருவது எல்லாமே எழுத்துதான், எண் அல்ல. அந்த 11-ஐ அப்படியே இரண்டால் பெருக்கினால் 22 வராது, 1111 வரும். 'கெட்ஃபுளோட்' என்ற கட்டளையால் எண்ணாக மாற்றி வாங்குங்கள்.

இரண்டாவது, 11-க்குப் பக்கத்தில் விழுக்காட்டுக் குறியைப் போடாதீர்கள். கான்ஃபிக்பார்சருக்கு அந்தக் குறிக்கு வேறு பொருள் உண்டு. மதிப்பைக் கேட்டதும் பிழை காட்டி நின்றுவிடும்.

மூன்றாவதுதான் ஆபத்தானது. சொன்ன இடத்தில் கோப்பு இல்லாவிட்டால் கான்ஃபிக்பார்சர் வாய் திறக்காது. படித்ததுபோல மேலே போகும். 'இல்லாவிட்டால் 9 என்று வைத்துக்கொள்' என்று நிரலில் ஒரு மாற்று மதிப்பு இருந்தால், பழைய தவறு சத்தமில்லாமல் திரும்பி வரும். எந்தெந்தக் கோப்பைப் படித்தேன் என்று அது ஒரு பட்டியல் தரும். அது காலியாக இருந்தால் நிரலை அங்கேயே நிறுத்துங்கள். காசு விஷயத்தில் மாற்று மதிப்பே வேண்டாம்.

நான்காவது, பழைய விகிதத்தை அழித்துவிட்டுப் புதியதை எழுதாதீர்கள். 2021-ஆம் வருடச் சீட்டை இன்று மறுபடி அச்சடித்தால் 9 தான் வர வேண்டும். எந்த மாதத்திலிருந்து எந்த விகிதம் என்று தேதியோடு தனித்தனிப் பகுதியாக வையுங்கள்.

இன்னொன்று. 20,000 வெள்ளி வரையிலான சம்பளத்துக்கு இபிஎஃப் தொகையை அதன் மூன்றாம் அட்டவணையைப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். விழுக்காட்டால் பெருக்குவது சரிபார்க்க மட்டுமே. அந்த அட்டவணையையும் இதேபோல் வெளிக் கோப்பாக வைத்துக்கொள்ளலாம்.

2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி ஆனபோது அண்ணன் என்னைக் கூப்பிடவில்லை. நோட்பேடைத் திறந்து அவரே எழுதிக்கொண்டார். அச்சடித்த பிறகு, சீட்டையும் பட்டியலையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டும் பார்த்தாராம். அந்தப் பழக்கத்தை எந்த நிரலும் அவருக்குச் சொல்லித் தரவில்லை.

இந்த வாரம் உங்கள் நிரலைத் திறந்து, உள்ளே கிடக்கும் எண்களைத் தேடிப் பாருங்கள். அரசாங்கமோ முதலாளியோ மாற்றக்கூடிய எண் ஏதாவது இருந்தால், அதை வெளியே எடுத்து வையுங்கள்.