அடக்க விலையில் எது அடக்கம்?

ஜவுளிச் சந்தையில் ஒரு வியாபாரி இன்னொரு வியாபாரியிடம் "அடக்கம் என்ன ஆச்சு?" என்று கேட்டால், அவர் வாங்கின விலையை மட்டும் கேட்கவில்லை. லாரி வாடகை, ஏற்றுகூலி, இறக்குகூலி, வழியில் நனைந்து வீணான நாலு உருப்படி எல்லாம் உள்ளே வந்துவிட்டதா என்று கேட்கிறார். பொருளியல் அறிஞர்கள் செலவை அளப்பதும் இதே வேலைதான். ஒரு வித்தியாசம் உண்டு. அடக்கத்தில் எதையாவது விட்டுவிட்டால் வியாபாரிக்கு அவர் கையே சுடும். அரசுக் கணக்கில் விட்டுப்போனால் சுடுவது வேறு யாருடைய கையோ.

பொருளியல் ஆசிரியர்களும் தணிக்கையாளர்களும் நுகர்வோர் செயற்பாட்டாளர்களும் சேர்ந்து நடத்தும் இப்பேரவையின் நிலைப்பாடு இதுதான்: அரசோ, அரசுப் பணத்தில் இயங்கும் ஆய்வு நிறுவனமோ ஒரு செலவு எண்ணை வெளியிட்டால், அது யாருடைய செலவு, அதில் எவை அடக்கம், எவை அடங்கவில்லை, எந்தக் காலத்துக்குரியது என்பதை அதே பக்கத்தில் சொல்ல வேண்டும். அப்படிச் சொல்லாத எண்ணை வைத்து விலையோ மானியமோ இழப்பீடோ முடிவுசெய்யக் கூடாது.

நெல்லைப் பார்த்தால் சங்கதி விளங்கும். 2025-26 காரீஃப் பருவத்தில் சாதாரண ரக நெல்லுக்கு ஒன்றிய அரசு அறிவித்த குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,369 ரூபாய். உற்பத்திச் செலவு 1,579 ரூபாய், ஆகவே அதற்கு மேல் 50 சதவீதம் கொடுத்தாயிற்று என்றது அறிவிப்பு. பெருக்கல் சரிதான். அந்த 1,579 ரூபாயில் விதை, உரம், டீசல், ஆள்கூலி இருக்கின்றன. வீட்டார் வயலில் இறங்கிப் பாடுபட்டதற்கும் ஒரு மதிப்புப் போட்டிருக்கிறார்கள். சொந்த நிலத்துக்கு வந்திருக்கக்கூடிய குத்தகையும், சொந்த முதலுக்கான வட்டியும் அதில் இல்லை. அவற்றையும் சேர்த்த இன்னொரு கணக்கை அரசின் வேளாண் செலவு, விலை ஆணையமே போட்டு வைத்திருக்கிறது. எம்.எஸ்.சுவாமிநாதன் தலைமையிலான தேசிய விவசாயிகள் ஆணையம் செலவுக்கு மேல் 50 சதவீதம் கொடுக்கச் சொன்னதே தவிர, எந்தச் செலவுக்கு மேல் என்று பெயர் குறிப்பிடவில்லை. பிறகு நடந்த போராட்டங்களில் பாதி, அந்த ஒரு சொல்லை நிரப்புவதற்காக நடந்தவை.

மருத்துவத்தில் இந்தக் குழப்பம் இன்னும் ஆழம்.

தேசிய மாதிரி ஆய்வின் 75ஆவது சுற்று 2017 ஜூலை தொடங்கி 2018 ஜூன் வரை நடந்தது. பிரசவம் நீங்கலாக, ஒருமுறை மருத்துவமனையில் சேர்ந்து சிகிச்சை பெற ஆன சராசரி மருத்துவச் செலவு அரசு மருத்துவமனையில் 4,452 ரூபாய், தனியாரில் 31,845 ரூபாய் என்று அது கண்டது. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அரசு மருத்துவமனை ஏழில் ஒரு பங்கு செலவில் வைத்தியம் பார்க்கிறது என்று பெருமையாகப் பேசுவோர் உண்டு. பேரவைக்கு அரசு மருத்துவமனைகள்மேல் மதிப்பு அதிகம். ஆனாலும் அந்த வாதம் நிற்காது. 4,452 ரூபாய் என்பது நோயாளியின் பையிலிருந்து போனது. டாக்டர் சம்பளம், மருந்து, கட்டடம், மின்சாரம் எல்லாம் அரசின் நிதிநிலை அறிக்கையில் வேறு தலைப்புகளில் கிடக்கின்றன. 31,845 ரூபாயும் நோயாளி கொடுத்ததுதான்; அதற்குள் மருத்துவமனையின் செலவும் இருக்கிறது, லாபமும் இருக்கிறது. ஒன்று செலவின் ஒரு துண்டு, மற்றது விலை. இரண்டையும் ஒரே தராசில் போட முடியாது.

விலை வேறு, செலவு வேறு என்பதற்கு மதுரையிலேயே சாட்சி உண்டு. கண்புரை அறுவையில் பொருத்தும் லென்ஸை இறக்குமதி செய்துகொண்டிருந்த காலத்தில், அந்த விலைதான் லென்ஸின் செலவு என்று எல்லாரும் நம்பினார்கள். 1992இல் அரவிந்த் கண் மருத்துவமனை ஆரோலேப் என்ற தயாரிப்புப் பிரிவைத் தொடங்கி, ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குக்கு லென்ஸைக் கொடுக்கத் தொடங்கிய பிறகுதான், பழைய விலையில் மூலப்பொருளுக்கும் வேலைக்கும் போனது எவ்வளவு சிறிது என்று தெரிந்தது.

உண்மைச் செலவை அளக்க வழி இல்லாமல் இல்லை. சண்டிகர் முதுநிலை மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வாளர்கள், பல மாநில மருத்துவமனைகளில் அடியிலிருந்து கணக்கெடுத்தார்கள். ஓர் அறுவைக்கு டாக்டரின் நேரம் எவ்வளவு, செவிலியரின் நேரம் எவ்வளவு, எத்தனை கையுறை, இயந்திரத்தின் தேய்மானம் என்ன என்று ஒவ்வொன்றாகக் கூட்டினார்கள். பிரதமர் மக்கள் ஆரோக்கியத் திட்டத்தின் சிகிச்சைக் கட்டணங்களைத் திருத்தும்போது இந்த எண்கள் பயன்பட்டன. நல்ல வேலை. அதிலும் ஒரு கண்ணி இருப்பதை ஆய்வு செய்தவர்களே அறிவார்கள். நூறு படுக்கை வார்டில் ஐம்பது காலியாகக் கிடந்தால், சம்பளமும் தேய்மானமும் மீதி ஐம்பது பேர் தலையில் ஏறும். அதே வார்டு நிரம்பி வழிந்தால் தலைக்குச் செலவு பாதியாகும். இரண்டாவது வார்டு சிக்கனமாக நடக்கிறது என்று சான்றிதழ் கொடுப்பதற்குமுன், தரையில் பாய் விரித்துப் படுத்திருப்பவர்களையும் ஒருமுறை எண்ணிவிடுவது நல்லது.

இத்தனை கணக்கிலும் வராத ஆள் ஒருவர் இருக்கிறார். நோயாளிக்குத் துணையாக வார்டு வாசலில் உட்கார்ந்திருப்பவர். பத்து நாள் கூலி போயிருக்கும், ஓட்டலில் சாப்பிட்டிருப்பார், ஊருக்கும் ஆஸ்பத்திரிக்கும் பஸ்ஸில் அலைந்திருப்பார். நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் மக்கள் கையிலிருந்து கொடுப்பது 2014-15இல் 62.6 சதவீதமாக இருந்து 2021-22இல் 39.4 சதவீதமாகக் குறைந்ததாகத் தேசிய சுகாதாரக் கணக்கு சொல்கிறது. வரவேற்க வேண்டிய மாற்றம்தான். அந்தக் கணக்கின் இலக்கணப்படி இழந்த கூலிக்கு அதில் இடமே கிடையாது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

காசநோயில் மட்டும் உலக சுகாதார அமைப்பு இந்த ஆளை உள்ளே அழைத்தது. அங்கே மருந்து இலவசம். இருந்தும் பயணம், சத்தான சாப்பாடு, போன வருமானம் எல்லாம் சேர்ந்து ஒரு குடும்பத்தின் ஆண்டு வருமானத்தில் 20 சதவீதத்தைத் தாண்டினால் அதைப் பேரிடர்ச் செலவு என்று அது வரையறுத்தது. அப்படிப்பட்ட குடும்பம் ஒன்றுகூட இருக்கக் கூடாது என்பதை இலக்காகவும் வைத்தது. இந்தியாவில் காசநோயாளிகளுக்கு மாதம் 500 ரூபாய் ஊட்டச்சத்து உதவி 2018இல் வந்தது. 2024 நவம்பரில் அது 1,000 ஆனது. மருந்து இலவசம் என்றால் செலவு பூஜ்ஜியம் என்று எழுதிவைத்திருந்தால், இப்படி ஓர் உதவி யாருக்கும் தோன்றியிருக்காது.

தொழில்துறைக்கு வந்தால் விடுபட்டவர் வாசலில்கூட இல்லை. ஆற்றின் கீழ்ப்பகுதியில் இருக்கிறார். ஆலை தன் கணக்கில் எழுதாத செலவைப் பிறர் சுமப்பதை 1920லேயே ஆங்கிலப் பொருளியலாளர் பிகு எழுதிவைத்தார். ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலைகள் ஏற்றுமதி செய்த தோலின் அடக்க விலையில் பாலாறு அடங்கவில்லை. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும் என்ற கோட்பாடு நாட்டுச் சட்டத்தின் பகுதி என்றது. சூழல் இழப்பைக் கணக்கிட ஓர் ஆணையம் அமைந்தது. 2001இல் அது வேலூர் மாவட்டத்தில் சுமார் 29,000 பேருக்கு 26 கோடி ரூபாய்க்குச் சற்று மேல் இழப்பீடு நிர்ணயித்தது. தலைக்கு வகுத்தால் பத்தாயிரத்தைத் தொடாது. கிணறு கெட்டு, நிலம் உப்பேறி, தென்னை பட்டுப்போன ஒருவருக்கு அந்தத் தொகை எதற்கு ஈடு? 2025 ஜனவரியில் அதே உச்ச நீதிமன்றம் இதே பாலாற்று மாசுக்காக மறுபடியும் உத்தரவிட வேண்டி வந்தது. முதல் கணக்கு போதவில்லை என்பதற்கு வேறு சான்று தேடத் தேவையில்லை.

திருப்பூரில் செலவு ஒரே நாளில் கண்ணுக்குத் தெரிந்தது. நொய்யலில் சாயக்கழிவு கலப்பது நிற்காததால் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. 700க்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன. பிறகு கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடாமல் சுத்திகரித்து, உப்பைப் பிரித்து, தண்ணீரைத் திரும்பப் பயன்படுத்தும் நிலையங்களோடு தொழில் மீண்டது. சாயமேற்றும் கூலி ஏறியது என்று அப்போது புலம்பல் எழுந்தது. பேரவையின் பார்வையில் அங்கே செலவு கூடவில்லை. ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே இருந்த விவசாயி கட்டிக்கொண்டிருந்த பில், பட்டறை முதலாளியின் மேசைக்கு வந்து சேர்ந்தது, அவ்வளவுதான்.

வணிகத்தில் எண்கள் தாவும் வேகம் வேடிக்கையானது. இந்தியாவில் சரக்கை இடம்மாற்றவும் சேமிக்கவும் ஆகும் செலவு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 13, 14 சதவீதம் என்று பல ஆண்டுகள் மேடைதோறும் சொன்னார்கள். 2022-23 பொருளாதார ஆய்வறிக்கை 14 முதல் 18 சதவீதம் என்றது. 2023 டிசம்பரில் தேசியப் பயன்முறைப் பொருளாதார ஆய்வுக் குழு, முறையாகக் கணக்கிட்டால் 2021-22இல் அது 7.8 முதல் 8.9 சதவீதம்தான் என்றது. நாட்டின் லாரிகளும் கிடங்குகளும் ஓராண்டில் இருமடங்கு திறமை பெற்றுவிடவில்லை. அளவுகோல் மாறியது. இனி இந்தப் பழைய எண்ணையும் புதிய எண்ணையும் ஒட்டி வரைபடம் போட்டு, யாராவது அதைச் சாதனையாகக் காட்டினால் அது தவறு என்று பேரவை இப்போதே பதிவுசெய்கிறது.

எல்லை தாண்டும் வணிகத்தில் செலவுக்கு ரசீதே இருக்காது. ஜேம்ஸ் ஆண்டர்சனும் எரிக் வான் வின்கூப்பும் 2004இல் பணக்கார நாடுகளுக்குப் போட்ட புகழ்பெற்ற கணக்குப்படி, ஆலையில் 100 ரூபாய் அடக்கமான பொருள் வேறொரு நாட்டில் வாங்குவோர் கைக்குப் போகும்போது 270 ரூபாய்க்கு நிகராகிறது. போக்குவரத்து 21 சதவீதம், எல்லை சார்ந்த தடைகள் 44, உள்ளூர் மொத்த, சில்லறை விநியோகம் 55 என்று ஒன்றன்மேல் ஒன்றாகப் பெருகி ஏறுகின்றன. எல்லைத் தடைகளுக்குள் சுங்கவரி போன்ற கொள்கைத் தடைகள் 8 சதவீதம்தான். நாணயம் வேறாக இருப்பது 14, மொழி வேறாக இருப்பது 7. மொழி வேறுபாட்டுக்கு யார் பில் போட்டார்கள்? யாருமில்லை. நாடுகளின் பொருளாதார அளவையும் தூரத்தையும் வைத்து எவ்வளவு வணிகம் நடந்திருக்க வேண்டும் என்று மதிப்பிட்டு, நடக்காமல் போன அளவிலிருந்து ஊகித்தவை இவற்றில் பல. ஊகம் கெட்டதல்ல, ரசீதோடு கலந்து காட்டாமல் ஊகம் என்று சொல்லிக் கொடுத்தால் போதும். சுங்கவரியைக் குறைத்தாலே வணிகம் கொழிக்கும் என்பவர்கள் அந்த 8க்குப் பக்கத்திலுள்ள 55ஐயும் பார்க்கட்டும்.

எல்லாவற்றையும் அடக்கத்தில் சேர்க்கச் சொன்னால் கணக்கே முடியாது, எந்தத் திட்டமும் நகராது என்று அதிகாரிகள் சொல்வது பேரவைக்குத் தெரியும். அதில் நியாயமும் இருக்கிறது. எல்லாவற்றையும் சேர் என்று பேரவை கேட்கவில்லை. எதைச் சேர்க்கவில்லை என்று சொல் என்கிறது. பிரிட்டனின் நைஸ் அமைப்பு, நலமாக வாழும் ஓர் ஆண்டுக்கு 20,000 முதல் 30,000 பவுண்டுவரை செலவழிக்கலாம் என்ற வரம்பை நெடுங்காலம் வெளிப்படையாக வைத்து, மருந்துகளை ஏற்றும் மறுத்தும் வந்தது. உயிருக்கு விலையா என்று கோபப்படலாம். ஆனால் கோபப்படுவதற்கு அங்கே ஓர் எண்ணாவது இருந்தது. காரணம் சொல்லாமல் கோப்பைத் திருப்பி அனுப்பும் அலுவலகத்தில் அதுவும் கிடையாது.

ஆகவே பேரவை கேட்பவை: சுகாதார ஆய்வுகளின் தலைப்பு எண்ணோடு, இழந்த கூலியும் துணையாளின் செலவும் தனி வரியாக வர வேண்டும். ஆலை அனுமதிக்கான ஆவணங்களில் ஆற்றின் கீழ்ப்பகுதிக்கு ஏற்படும் செலவு ரூபாயில் இருக்க வேண்டும். தொழில் தொடங்கிய பிறகு ஐந்தாண்டுக்கு ஒருமுறை அதைத் திருத்தவும் வேண்டும். நெல்லுக்கு ஆதரவு விலை அறிவிக்கும் செய்திக்குறிப்பில் இரண்டு அடக்கமும் அருகருகே அச்சாக வேண்டும். இவற்றில் எதற்கும் புதுச் சட்டம் தேவையில்லை. தரவின் பெரும்பகுதி அரசிடமே இருக்கிறது.

பேரவையின் வெளியீடுகளுக்கும் இதே விதி. இந்த அறிக்கையில் வரும் 4,452 ரூபாய் 2017-18 விலையில் உள்ளது, இன்றைய விலைக்கு மாற்றப்படவில்லை, அதில் கூலி இழப்பு அடங்கவில்லை. பாலாற்று இழப்பீட்டைத் தலைக்கு வகுத்தது பேரவை. அந்த ஆணையம் அல்ல.